முன்பக்கக் கண்ணாடி

அக்கா: செருப்பக் கழட்டாத. அப்படியே உள்ள வா. அங்க இன்னும் சில்லு கிடக்கு.

தம்பி: நீ ஏன் பெருக்கிட்டு இருக்க? டைப்பிஸ்ட் அம்மா வரலையா?

அக்கா: வந்தாங்க. பாத்தாங்க. தலைவலின்னு போயிட்டாங்க.

தம்பி: தலைவலியா...

அக்கா: எனக்கும்தான் தலைவலி. நான் எங்க போறது? அந்த அட்டைய எடு, அள்ளணும்.

தம்பி: எப்ப நடந்துச்சு?

அக்கா: ராத்திரி எப்பவோ. காலைல கதவத் திறந்தா உள்ள ஜில்லுன்னு காத்து. ஏசிய அணைக்காம போயிட்டோமோன்னு உன்னத்தான் திட்டினேன். அப்புறம் பாத்தா முன்பக்கக் கண்ணாடியே இல்ல.

தம்பி: பேர் எழுதியிருந்ததும் போச்சா?

அக்கா: மேல் பாதி போச்சு. கீழ 'அலுவலகம்'னு மட்டும் மிச்சம் நிக்குது. இனிமே எவனாவது கரண்ட் பில் கட்ட உள்ள வருவான்.

தம்பி: காலைலேயே ஜோக்கு.

அக்கா: அழுதா கண்ணாடி ஒட்டிக்குமா? கல்லு அதோ மேஜை மேல இருக்கு. பாக்கலையா?

தம்பி: பாத்து என்ன ஆகப் போகுது. கல்லு கல்லுதான்... கேமராவுல பாத்தியா?

அக்கா: வந்ததும் கேமரா. உனக்கு அடி கிடி பட்டுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டியா?

தம்பி: ராத்திரி எறிஞ்ச கல்லு காலைல வந்த உன் மேல எப்படிப் படும்?

அக்கா: வக்கீல் பேச்சு.

தம்பி: சொல்லு. கேமரா?

அக்கா: ஓடல.

தம்பி: ஓடலையா?

அக்கா: ரெக்கார்ட் ஆகல. நடுவுல கரண்ட் போயிருக்கும். என்னக் கேட்டா? நான் என்ன மெக்கானிக்கா?

தம்பி: ஓடலன்னா ஓடல. அப்ப போலீஸுக்கு?

அக்கா: வேணாம்.

தம்பி: வேணாமா? ஆபீஸ்ல கல்லு விழுந்திருக்கு. வக்கீல் ஆபீஸ்.

அக்கா: மத்தியானம் அதே போலீஸ எதிர்த்துதான் ஜாமீன் கேக்கப் போறோம். காலைல அவங்ககிட்டயே போய் எங்க கண்ணாடிய ஒடச்சுட்டாங்கன்னு மூக்கச் சிந்தினா நல்லாவா இருக்கும்?

தம்பி: அதுவும் சரிதான்.

அக்கா: உடனே சரின்னுட்ட. நீ எப்ப நான் சொன்னதுக்கு உடனே சரின்ன?

தம்பி: சரின்னாலும் குத்தமா?

அக்கா: அட்டைய நேராப் பிடி. கொட்டுது... டீச்சர் எப்படி இருக்கா?

தம்பி: யாரு, இவளா? இருக்கா.

அக்கா: தூங்கினாளா?

தம்பி: ஏன் கேக்குற?

அக்கா: என்னடா இது. உன் பொண்டாட்டி தூங்கினாளான்னு கேட்டா ஏன் கேக்குறன்னு கேக்குற. அந்த வேன் விபத்துல அவ கிளாஸ் பொண்ணு போனதுலேர்ந்து அவ கண்ணே மூடுறதில்லன்னு சொன்னது நீதானே?

தம்பி: ம்... நேத்து ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுத்தாளாம். பழக்கத்துல அந்தப் பொண்ணு பேரையும் கூப்பிட்டுட்டாளாம்.

அக்கா: அடடா...

தம்பி: பிள்ளைங்க எல்லாம் திரும்பி வாசலப் பாத்துச்சுங்களாம். நெஜமாவே வந்துட்டாளோன்னு நெனச்சு. வீட்டுக்கு வந்து இதச் சொல்லிட்டு அப்படியே உக்காந்துட்டா. சாப்பிடல. அப்புறம் எங்கிட்ட ஒண்ணு கேட்டா.

அக்கா: என்ன?

தம்பி: அந்த ஸ்கூல் வேன ஓட்டினவனுக்கு உங்க ரெண்டு பேர விட்டா வேற வக்கீலே கிடைக்கலையான்னு.

அக்கா: கிடைக்கலதான்.

தம்பி: நானும் அதத்தான் சொன்னேன்.

அக்கா: அவன் சம்சாரம் ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்கிட்டுத்தான் நம்மகிட்ட வந்துச்சு. ஒருத்தர் உக்காருன்னுகூட சொல்லல. பிரேக் பிடிக்கலன்னு ஸ்கூல் மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கான். அடுத்த வாரம் பாக்கலாம்னு அவர் சொன்னாராம். வாய்க்கால் வளைவுல வண்டி கவுந்ததும் தோள்பட்டை எலும்பு ஒடஞ்ச கையோட தண்ணிக்குள்ள இறங்கி அத்தன பிள்ளைங்களையும் தூக்கி வெளிய போட்டவன்டா அவன்.

தம்பி: ஒண்ணத் தவிர.

அக்கா: ஆமா. ஒண்ணத் தவிர.

தம்பி: எங்கிட்ட கேக்காம நீ ஒத்துக்கிட்ட, அக்கா. அத மட்டும் சொல்றேன்.

அக்கா: கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப. நானும் உன் பேச்சக் கேட்டிருப்பேன். அதான் கேக்கல.

தம்பி: இரு, ஃபோன் அடிக்குது.

அக்கா: குடு... சொல்லுங்க... ஆமாங்க, கண்ணாடிதான்... இல்லைங்க, உங்க ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல, அது உள் ரூம்ல இருக்கு... ஓ... எடுத்துட்டுப் போறீங்களா... சரிங்க, உங்க இஷ்டம். ஆனா ஆள அனுப்பாதீங்க, நீங்களே வாங்க. கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கணும்... கோபமா? எனக்கு என்னங்க கோபம். வாங்க.

தம்பி: யாரு, துணிக்கடைக்காரரா?

அக்கா: அவரேதான். நம்ம கிளையன்ட்லயே பெரிய மீனு.

தம்பி: ஆள அனுப்புறேன்னா அனுப்பட்டுமே. நேர்ல எதுக்கு?

அக்கா: ஆள் வந்தா ஃபைல் போயிடும். நேர்ல வந்தா என் முகத்தப் பாத்து எடுத்துட்டுப் போகணும். அந்த இடத்துல பாதிப் பேர் வாய மூடிட்டுத் திரும்பிடுவாங்க.

தம்பி: மீதிப் பாதி?

அக்கா: போகட்டும். காலைலேர்ந்து நானே ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லிட்டு இருக்கேன். கண்ணாடி ஒடஞ்சுது, ஆபீஸ் திறந்திருக்கு, உங்க வேலை நிக்காதுன்னு. கடைத்தெருவுல கேட்டுத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி என் வாயால கேக்கட்டும்.

தம்பி: நம்ம ஜூனியர் நெட்டை வந்தானா?

அக்கா: ஜூனியர் எல்லாம் தெளிவு. நேத்து சாயங்காலமே தன் காபிக் கப்ப எடுத்துட்டுப் போயிட்டான். கப்பு போனா ஆளும் போன மாதிரி.

தம்பி: அப்ப மிச்சம் நீயும் நானும்.

அக்கா: நீயும் நானும்தான். இந்தா, இந்த மேஜையோட அந்தப் பக்கம் பிடி. முன் ரூமுக்குத் தள்ளணும்.

தம்பி: எதுக்கு?

அக்கா: ஒடஞ்ச ஜன்னலுக்கு நேரா நான் உக்காரப் போறேன். தெருவுல போறவன் பாக்கட்டும். உள்ள ஒளிஞ்சிருந்தா, ஆபீஸ் மூடப் போகுதுன்னு சாயங்காலத்துக்குள்ள கதை கட்டிடுவாங்க.

தம்பி: மறுபடியும் எவனாவது எறிஞ்சா?

அக்கா: எறிய மாட்டாங்க.

தம்பி: எப்படி அவ்வளவு உறுதியா சொல்ற?

அக்கா: ...பகல்ல யாரு எறிவா? தூக்கு.

கண்ணாடிக்காரர்: வக்கீல் ஆபீஸ்ல கண்ணாடி ஒடஞ்சிடுச்சுன்னு ஃபோன் வந்துச்சு. இங்கதானா?

அக்கா: வாங்க. இங்கதான். பாத்து, கால வைக்கும்போது.

கண்ணாடிக்காரர்: எந்த வக்கீல் ஆபீஸ்னு சொல்லவே இல்லையே நீங்க.

அக்கா: இந்தத் தெருவுல எத்தன வக்கீல் இருந்தா என்னங்க. ஒடஞ்ச கண்ணாடி ஒண்ணுதானே.

கண்ணாடிக்காரர்: அந்த வேன் டிரைவருக்கு நிக்கிறது நீங்கதானா?

அக்கா: நாங்கதான்.

கண்ணாடிக்காரர்: ...என் தங்கச்சி பையன் அந்த வேன்லதாம்மா போனான். கால்ல கம்பி வச்சிருக்கு.

அக்கா: இப்ப எப்படி இருக்கான்?

கண்ணாடிக்காரர்: நடக்குறான். பிடிச்சுப் பிடிச்சு நடக்குறான். தெருவுல வேன் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுறான்.

தம்பி: நீங்க போறதுன்னா போங்க, பரவால்ல. நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்.

கண்ணாடிக்காரர்: வேற ஆள் எங்க இருக்கான்? இந்தப் பக்கம் கண்ணாடி வெட்டுறவன் நான் ஒருத்தன். வேலைன்னு வந்தாச்சு... இந்த டேப்போட முனையப் பிடிங்க. மூலைல. அழுத்திப் பிடிங்க, தம்பி.

தம்பி: இப்படியா?

கண்ணாடிக்காரர்: ம். சாதாக் கண்ணாடியா, கெட்டிக் கண்ணாடியா?

அக்கா: முன்னாடி இருந்த மாதிரியே போடுங்க.

கண்ணாடிக்காரர்: மறுபடியும் ஒடைப்பாங்கம்மா.

அக்கா: ஒடச்சா மறுபடியும் உங்களத்தான் கூப்பிடுவேன்.

கண்ணாடிக்காரர்: நல்ல ஆளுதான் நீங்க. இன்னைக்கே மாட்டித் தர்றேன். ஆனா ஒண்ணு. வழக்கமா மூலைல எங்க கடை ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டுவோம். இதுல ஒட்ட மாட்டேன்.

அக்கா: வேணாம்.

கண்ணாடிக்காரர்: தப்பா எடுத்துக்காதீங்க.

அக்கா: இதுல தப்பு என்ன இருக்கு. தங்கச்சிக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்க.

கண்ணாடிக்காரர்: அதான்... யார் எறிஞ்சதுன்னு ஊருக்கே தெரியும். கேள்விப்பட்டிருப்பீங்க.

தம்பி: யாரு?

கண்ணாடிக்காரர்: செத்துப்போன பொண்ணோட தாய்மாமன். லாரிக் கம்பெனில இருக்கார். முன்கோபி. சாவு வீட்லயே சொன்னாராம், அந்த ஆபீஸ நொறுக்காம விட மாட்டேன்னு.

அக்கா: எறிஞ்சத யாராவது பாத்தாங்களா?

கண்ணாடிக்காரர்: இதப் போய்ப் பாக்கணுமா என்ன?

தம்பி: பாக்காம எப்படிங்க ஒருத்தர் மேல பழி போடுறது?

கண்ணாடிக்காரர்: நீங்க வக்கீலுங்க, உங்களுக்கு சாட்சி வேணும். எங்களுக்கு அதெல்லாம் வேணாம் தம்பி. காலைலயே போலீஸ் அவர் வீட்டுப் பக்கம் போச்சுன்னு பேசிக்கிட்டாங்க... சரி, வெட்டி எடுத்துட்டு மத்தியானம் வர்றேன். ஜன்னல் சட்டத்துல கை வைக்காதீங்க. ஓரமெல்லாம் கத்தி மாதிரி நிக்குது.

தம்பி: நாம புகாரே குடுக்கலையே. போலீஸ் எதுக்குப் போச்சு?

அக்கா: யாராவது போய்ச் சொல்லியிருப்பாங்க. ஊருக்கே தெரியும்னாரே.

தம்பி: அந்த ஆள் இல்லன்னா?

அக்கா: இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: தெரியும்னா சொன்னேன்? இல்லன்னான்னு கேட்டேன்.

அக்கா: ம்.

தம்பி: நீ என்ன நெனக்கிற?

அக்கா: இப்ப ஜாமீன் மனுவத் தவிர வேற எதையும் நெனக்கிற மாதிரி இல்ல நான். மத்தியானம் நீ எப்படி ஆரம்பிக்கப் போற? பிரேக்கா, காயமா?

தம்பி: அக்கா...

அக்கா: சொல்லு.

தம்பி: இன்னைக்கு நான் கோர்ட்டுக்கு வரல. இன்னைக்கு மட்டும் இல்ல. இந்தக் கேஸ்ல நான் நிக்க முடியாது. அதச் சொல்லத்தான் வந்தேன். வந்து பாத்தா நீ துடைப்பத்தோட நிக்கிற.

அக்கா: சரி.

தம்பி: சரியா?

அக்கா: சரி, நான் போறேன்.

தம்பி: ஏன்னு கேக்க மாட்டியா?

அக்கா: கேட்டா சொல்லுவியா? மாட்ட. அதான் கேக்கல. உக்காரு. எனக்குச் சொல்லிக் குடு.

தம்பி: நீ கிரிமினல் கோர்ட் படி ஏறி எத்தன வருஷம் ஆச்சு? உனக்குத் தெரிஞ்சதெல்லாம் பத்திரம், பாகப்பிரிவினை, காம்பவுண்டுச் சுவர்.

அக்கா: சுவர் சண்டைல பாக்காத கொலைவெறியா? சொல்லிக் குடுடா.

தம்பி: பிரேக்க முதல்ல எடுக்காத. மேனேஜர், அவன் சொல்லவே இல்லன்னுட்டார், இவன்கிட்ட எழுத்துல எதுவும் இல்ல. நீ அதுல ஏறினா அங்கயே மாட்டிப்ப. வண்டியச் சோதிச்ச ரிப்போர்ட் இன்னும் வரல. அதப் பிடி. ரிப்போர்ட் வராம இவன்தான் காரணம்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?

அக்கா: முடியாது. அப்புறம்?

தம்பி: ஓடிப் போயிடுவான்னு சொல்லுவாங்க. காயத்தக் காட்டு. பிள்ளைங்கள வெளிய எடுத்தத கடைசில சொல்லு, ரொம்ப இழுக்காத. அழ வைக்கப் பாக்குறன்னு ஜட்ஜ் நெனச்சா கதை முடிஞ்சுது.

அக்கா: நான் எங்க அழ வைக்கிறது. நானே அழாம இருந்தாப் போதும்.

தம்பி: கோபத்துலதானே இருக்க எம்மேல?

அக்கா: இல்லடா. ஆபீஸ பாத்துக்கோ. இந்த மேஜைலயே உக்காரு, உள்ள போயிடாத. யார் வந்தாலும் நாற்காலி போடு. யார் வந்தாலும்.

* * *

தம்பி: தொடாத, தொடாத. பசை இன்னும் காயல.

அக்கா: மாட்டியாச்சா... சுத்தமா இருக்கு. பேர் இல்லாம ஏதோ புதுக் கடை மாதிரி இருக்கு.

தம்பி: பேர நாளைக்கு எழுதிக்கலாம். அத விடு. என்ன ஆச்சு?

அக்கா: தண்ணி குடு முதல்ல.

தம்பி: அக்கா...

அக்கா: குடுத்துட்டாங்க.

தம்பி: ஜாமீனா?

அக்கா: பின்ன, பரிசா? ஜாமீன்தான். வாரா வாரம் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். ஸ்கூல் பக்கம் போகக் கூடாது.

தம்பி: அப்பாடா... எப்படிப் பேசின?

அக்கா: கேக்காத. வேனைப் போய் 'மேற்படி சொத்து'ன்னுட்டேன்.

தம்பி: என்னது?

அக்கா: மேற்படி சொத்து வளைவில் திரும்புகையில்னு ஆரம்பிச்சேன். ஜட்ஜ் கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பாக்குறார். எதிர்த்தரப்பு வக்கீல் குனிஞ்சு சிரிக்கிறார்.

தம்பி: மானம் போச்சு.

அக்கா: போகட்டும். அந்தச் சிரிப்புல எனக்குப் பயம் போயிடுச்சு. ஓடிப் போயிடுவான்னு அவர் சொன்னார். ஐயா, சட்டைய மாட்டவே அவனுக்கு இன்னொரு ஆள் வேணும், எங்க ஓடப் போறான்னு கேட்டேன். ரிப்போர்ட் எப்ப வரும்னு ஜட்ஜே கேட்டார். அவங்ககிட்ட பதில் இல்ல. அவ்வளவுதான்.

தம்பி: டிரைவர் என்ன சொன்னான்?

அக்கா: நன்றி கின்றி எதுவும் சொல்லல. கால்ல அடிபட்ட பையன் நடக்குறானான்னு கேட்டான். நடக்குறான்னு சொன்னேன்... இங்க என்ன சேதி? துணிக்கடைக்காரர் வந்தாரா?

தம்பி: வந்தார். நாற்காலி போட்டேன். தண்ணி குடிச்சார். என் முகத்த நல்லாப் பாத்தார். ஃபைல எடுத்துட்டுப் போயிட்டார்.

அக்கா: எடுத்துட்டுப் போயிட்டாரா?

தம்பி: கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு.

அக்கா: சரி. உன் முகத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு போல.

தம்பி: நெட்டை ஃபோன் பண்ணினான். நாளைக்கு வரட்டுமான்னு கேட்டான். கப்ப எடுத்துட்டு வான்னு சொன்னேன்.

அக்கா: நல்லது. வேற யாருடா வந்தா?

தம்பி: அந்தப் பொண்ணோட அப்பா வந்தார்.

அக்கா: இங்கயா?

தம்பி: கண்ணாடி மாட்டிட்டு இருக்கும்போது வாசல்ல வந்து நின்னார். கண்ணாடிக்காரர் கைல இருந்தத அப்படியே வச்சுட்டு ஒதுங்கிட்டார். நீ சொன்ன மாதிரி நாற்காலி போட்டேன். உக்காரல.

அக்கா: சத்தம் போட்டாரா?

தம்பி: போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். கையக் கூப்பினார் அக்கா. என் மச்சான ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, அவர் எறியலைங்க, ராத்திரி முழுக்க எங்கூடத்தான் உக்காந்திருந்தார், நீங்க புகார் குடுத்திருந்தா திரும்ப வாங்கிடுங்கன்னு கேக்குறார். அந்த மனுஷன். எங்கிட்ட வந்து.

அக்கா: கடவுளே...

தம்பி: பொண்டாட்டி வீட்ல ஒருபக்கம் கிடக்குறா, அவ தம்பியையும் பிடிச்சுட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு கேட்டார்.

அக்கா: கோர்ட்லேர்ந்து வர்ற வழியில நானே ஸ்டேஷன்ல இறங்கலாம்னுதான் இருந்தேன். ஜாமீன் பேப்பர்ல கையெழுத்து வாங்குறதுக்குள்ள நேரம் ஓடிடுச்சு. நீ என்ன சொன்ன?

தம்பி: புகாரே குடுக்கலன்னேன். அவர் நம்பல. சரி வாங்கன்னு ஆபீஸ கண்ணாடிக்காரரப் பாத்துக்கச் சொல்லிட்டு, அவரக் கூட்டிட்டு நானே போனேன்.

அக்கா: ஸ்டேஷனுக்கா?

தம்பி: ஆமா.

அக்கா: போய்?

தம்பி: இவர் எறியல, விட்டுடுங்கன்னேன். இன்ஸ்பெக்டர் சிரிச்சார். வக்கீல் சார், எத வச்சுச் சொல்றீங்கன்னு கேட்டார்.

அக்கா: எத வச்சுச் சொன்ன?

தம்பி: எறிஞ்சது யாருன்னு எங்களுக்குத் தெரியும், இவர் இல்ல, எங்களுக்குப் புகாரும் இல்லன்னு எழுதிக் குடுத்தேன்.

அக்கா: யாருன்னு கேக்கலையா?

தம்பி: கேட்டார். எங்க வீட்டு விஷயம்னு சொன்னேன்.

அக்கா: ...அப்படியேவா சொன்ன?

தம்பி: அப்படியே. வீட்ல அவளுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் சொன்னேன். சொல்லிடு, என் பேரையே வேணும்னாலும் சொல்லு, அவர எதுக்குப் பிடிச்சாங்கன்னு ஒரே அழுகை. பேர் சொல்ற அளவுக்கு வரல. இன்ஸ்பெக்டர் ஒரு மாதிரியாப் பாத்துட்டு அவர விட்டுட்டார்.

அக்கா: அந்தப் பொண்ணோட அப்பா பக்கத்துல இருந்தாரா?

தம்பி: இருந்தார். காதுல விழுந்திருக்கும். வெளிய வந்ததும் என் தோள்ல கைய வச்சார். அப்புறம் மச்சானக் கூட்டிட்டுப் போயிட்டார்.

அக்கா: உக்காருடா.

தம்பி: நீ அதிர்ச்சியாகவே இல்லையே.

அக்கா: எதுக்கு?

தம்பி: எங்க வீட்டு விஷயம்னு சொல்றேன். யாருன்னு நீ கேக்கவே இல்ல. கேமரா ஓடுச்சு அக்கா. என் ஃபோன்லயும் அது தெரியும். நீதான் போட்டுக் குடுத்த, மறந்துட்டியா? காலைல எந்திரிச்சதும் அழிக்கலாம்னு திறந்தேன். எனக்கு முன்னாடியே யாரோ அழிச்சிருந்தாங்க.

அக்கா: அப்ப வந்ததும் கேமரா கேமரான்னு கேட்டது?

தம்பி: நீ என்ன சொல்றன்னு பாக்கத்தான்.

அக்கா: திருட்டுப் பயலே.

தம்பி: நீ மட்டும் என்ன? கரண்ட் போயிடுச்சு, மெக்கானிக்கான்னு... நீ சொல்லியிருக்கலாம்ல?

அக்கா: எப்படிச் சொல்றது? சொன்னா நீ அவ முகத்தப் பாப்பியா, என் முகத்தப் பாப்பியா? நான் எடுத்த கேஸு, நான் படுறேன். உன் வீட்ல ஏன் அடி விழணும்னு இருந்தேன். அதான் நீ கோர்ட்டுக்கு வரலன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு.

தம்பி: நிம்மதியா?

அக்கா: ஆமா. அந்தக் கேஸ் என்கிட்டயே இருக்கட்டும். நீ தொடவே வேணாம். மத்த வேலை எல்லாம் உன் தலைல. துணிக்கடைக்காரர் இடத்துக்கு ஒரு ஆளப் பிடிக்கிற வேலையும் சேத்து.

தம்பி: அவளுக்கு உன்னப் பாக்க வெக்கமா இருக்காம். என் கண்ணாடியவே ஒடச்சியான்னு நீ கேட்டா என்ன சொல்றதுன்னு காலைலேர்ந்து புலம்புறா.

அக்கா: கேக்க மாட்டேன்னு சொல்லு. சாயங்காலம் நானே வர்றேன். கை எப்படி இருக்கு?

தம்பி: கையா? உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: பாத்தேனே. எறிஞ்சுட்டு ஓடுவாள்னு பாத்தா ஓடல. குனிஞ்சு, நடைபாதைல விழுந்த சில்ல எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து ஓரமா ஒதுக்கி வைக்கிறா. யாராவது மிதிச்சிடுவாங்களாம். கல்லெறிய வந்தவ பண்ற காரியமா இது?

தம்பி: உள்ளங்கைல கிழிச்சிருக்கு. கட்டுப் போட்டாச்சு. பெருசா இல்ல.

அக்கா: அதப் பாத்ததும் எனக்கு அவ மேல கோபமே வரல. உன் மேலதான் வந்துச்சு.

தம்பி: எம்மேலயா?

அக்கா: பின்ன? அந்த ரோட்ல விளக்கு ஒழுங்கா எரியாது. நாய்ங்க வேற. எந்த நேரத்துல, தனியா ஒரு பொம்பள... ஏதாவது ஆயிருந்தா? பொண்டாட்டி எந்திரிச்சுப் போனதுகூடத் தெரியாம நீ குறட்டை விட்டுட்டு இருந்தியா?

தம்பி: தூங்கலக்கா... போகாதன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. செருப்ப மாட்டிட்டு நடந்தே கிளம்பிட்டா. அவ்வளவு தூரம், இருட்டுல, எப்படித் தனியா அனுப்புறது... இந்தத் தெரு மருந்துக் கடை முனை வரைக்கும் நான்தான் வண்டியில கூட்டிட்டு வந்தேன்.